நாற்பத்தொன்று என்று காட்டியது

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் போனை இரண்டாவது மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினேன்.

கோபத்தில் இல்லை. கோபத்தில் வீசியிருந்தால் தகப்பன் என்கிற மரியாதையாவது மிஞ்சியிருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மூக்கில் அந்த வாசனை ஏறியது. எந்த வாசனை என்று உனக்குத் தெரியும். அழுகப் போகிற பழம் மாதிரி, தித்திப்பாக, தொண்டையைக் கீறுகிற வாசனை. லுங்கி அவிழ்வதுகூடத் தெரியாமல் எழுந்து ஓடினேன். அவள் பக்கத்தில் போன் சார்ஜில் கிடந்தது. "நகருடி!" என்று அவளை ஒரு தள்ளு தள்ளி, போனை வயரோடு பிடுங்கி, ஜன்னல் கம்பி இடுக்கில் விட்டெறிந்தேன். கீழே இஸ்திரி வண்டியில் மடித்து வைத்திருந்த வேட்டி அடுக்கின் மேல் விழுந்ததால் போன் பிழைத்தது. கண்ணாடி மட்டும் போயிற்று.

மகள் ஒரு கையில் பஞ்சும் இன்னொரு கையில் சின்ன பாட்டிலுமாகத் தரையில் விழுந்து கிடந்தாள். "அப்பா, இது நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணிப்பா" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

இஸ்திரிக்காரர் மேலே வந்து போனைக் கொடுத்தார். "இன்னா சார், கடையில வேலை இல்லன்னு வூட்லயே ஒடச்சிக்கினு கீறியா?" என்றார். ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாங்கிக்கொண்டேன். மந்தைவெளி குடியிருப்பு முழுக்க இப்போது எனக்கு அதுதான் பெயர், போன் வீசுகிற போன்காரன்.

அப்படி நான் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், உன் போனைத் திறந்திருந்தேன். அதிலிருந்து வந்த வாசனை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அன்று நடந்ததை வீட்டில் சொல்ல முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்கிற தைரியம்தான். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான், மூன்று தடவை எழுதியவன் நீ. இருந்தாலும் நீ உயிரோடு இருந்தால், இந்தக் கையெழுத்துக்கே முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

நாம் போன் ரிப்பேர் கடை போட்ட முதல் மாதத்தில்தான் அந்த வாசனையை முதன்முதலாகச் சேர்ந்து முகர்ந்தோம். தி. நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், பாத்திரக் கடைக்கும் ஜாக்கெட் தைக்கிற கடைக்கும் நடுவே ஒரு சந்து போல நம் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அன்று ஒரு பழைய போனில் பேட்டரி பசையில் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. பிளாஸ்டிக் தகட்டால், மூலையிலிருந்து, மெதுவாகத்தான் எடுக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவசரக்காரன். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் தித்திப்பு வாசனை. அப்புறம் வெள்ளையாகத் தீ, பக்கவாட்டில் சீறிக்கொண்டு. என் புருவம் பொசுங்கியது. நான் செய்த வீரம் என்னவென்றால், வாசல் இல்லாத பக்கமாக ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டேன். நீ எரிகிற போனை வெறுங்கையால் வாரி, தீயணைக்க வைத்திருந்த மணல் பானைக்குள் அறைந்தாய். மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாய். உள்ளங்கைத் தோல் அப்பளம் போல எழும்பியிருந்தது. அதே கையை ஓங்கி என் கன்னத்தில் விட்டாய். விட்டுவிட்டு "ஐயோ!" என்று கத்தியது நீதான்.

பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட்ச்சவன் கத்துறான், வாங்குனவன் சும்மா நிக்கிறான். இன்னா கடைப்பா இது?"

அப்படித்தான் இருந்தது நம் கடை. உனக்குக் கோபம் வந்தால் கை முதலில் கிளம்பும், காரணம் பின்னால் ஆட்டோ பிடித்து வரும். பாண்டி பஜாரில் என் வண்டியை இடித்துவிட்டு என்னையே கெட்ட வார்த்தையில் திட்டினவனின் மூக்கை உடைத்தாய். ரத்தம் உன் சட்டையில் தெறித்தது. அந்தச் சட்டையோடு என் மைத்துனன் கல்யாணத்துக்கு வந்து முன் பந்தியில் உட்கார்ந்தாய். கடைக்குள் வந்து என் காலரைப் பிடித்த எவனும் நேராக நடந்து வெளியே போனதில்லை. என் காலரைப் பிடிக்கிற உரிமை உனக்கு மட்டும்தான் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன் போலிருக்கிறது. என் மேல்வரிசையில் இரண்டு பல் உன்னால் போனவை. மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள். மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். "ரெண்டு தடவையாப்பா?" என்றாள்.

கோபம் இப்படி என்றாலும் வேலையில் நீ பூனை. பேட்டரி மாற்ற நீ வைத்திருந்த முறையை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் சார்ஜை இறக்கு. நிறைந்த வயிற்றோடு திறக்காதே, குத்துப்பட்டால் எரியும். கால்வாசிக்குக் கீழே வந்ததும் சூடு காட்டி மூடியை எடு. பழையதைக் கழற்று, புதியதை வை. வைத்தவன் அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்தும் எழுத வேண்டும். மூடியைப் பசை போட்டு ஒட்டாதே, ரப்பர் பேண்டு போட்டு வை. வேலை அதோடு முடியவில்லை.

"புது பேட்டரி வந்துக்கீதுன்னு போனுக்குத் தெரியாது மச்சி" என்பாய். "பழசோட நெனப்புலயே சார்ஜ் நம்பர் காட்டிக்கினு இருக்கும். நாமதான் தெரிய வெக்கணும்."

தெரிய வைப்பது என்றால், நூறு வரைக்கும் ஏற்று. நூறு வந்த பிறகும் இரண்டு மணி நேரம் வயரை எடுக்காதே. அப்புறம் படம் ஓடவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, அது தானாக அணைகிற வரைக்கும் விடு. மறுபடி நடுவில் நிறுத்தாமல் நூறுக்கு ஏற்று. இப்போது அது காட்டுகிற நம்பர் உண்மை. ரப்பர் பேண்டை எடு, மூடியைத் திற, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடு, ஒட்டு. டிக் இல்லாமல் எந்தப் போனும் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது.

கடைசிச் சொட்டு வரை இறக்குவதற்கு நம் கடையில் பெயர் சாகடிப்பது. "அந்த நீல போன் செத்துச்சா?" என்று நீ உள்ளேயிருந்து கத்துவாய். "இன்னும் இழுத்துக்கினு கீது" என்று நான் வாசலிலிருந்து கத்துவேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த அம்மா ஒருத்தி, தப்பான வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, துணியை விட்டுவிட்டு ஓடினதும் உண்டு.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு போனைப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும். கைவேலையென்றால் செய்வேன், காவல் வேலை எனக்கு ஆகாது. நீ மதியம் கோட்டூர்புரம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, மாட்டின கையோடு டிக்கும் போட்டு, ஒட்டிக் கொடுத்துவிடுவேன். முக்கால்வாசிப் போன் தானாகவே இரண்டு நாளில் சரியாகிவிடும். அந்த முக்கால்வாசியை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்துக் காலை, மீதிக் கால்வாசி ஹெல்மெட்டோடு வந்தது. சாப்பாடு டெலிவரி செய்கிற ஆள். முந்தின வாரம் நான் பேட்டரி மாற்றிக் கொடுத்த போன். ஐம்பது என்று காட்டும்போதே அணைந்து, வழி தெரியாமல் அடையாறில் சுற்றி, சாப்பாடு ஆறிப்போய், வாங்க வேண்டிய வசவெல்லாம் வாங்கிக்கொண்டு நேராக நம்மிடம் வந்திருந்தான்.

"எவன்டா இதுல பேட்டரி போட்டது?" என்று ஹெல்மெட்டைச் சுழற்றிக் கல்லாக் கண்ணாடியில் இறக்கினான். கண்ணாடி என் மடி முழுக்கக் கொட்டியது. இரண்டாவது வீச்சு என் தோளில். மூன்றாவது வீச்சுக்குக் கை ஓங்கும்போது நீ மேஜையைத் தாண்டிவிட்டாய். அவன் கழுத்தைப் பிடித்துப் பாத்திரக் கடை ஷட்டரில் மோதினாய். அண்டாக்கள் உருண்டன. வயிற்றில் இரண்டு, முகத்தில் ஒன்று. உதடு கிழிந்தது. "என் பார்ட்னர் மேல கை வெப்பியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாய். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்பதுன்னு காட்டுச்சுண்ணா... அம்பது காட்டிக்கினே ஆஃப் ஆயிடுச்சுண்ணா..." என்றான்.

உன் கை அந்தரத்தில் நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்ததும் ஓடியிருக்க வேண்டும்.

நீ அவனைக் கூட்டிவந்து என் ஸ்டூலில் உட்காரவைத்தாய். தண்ணீர் கொடுத்தாய். உதட்டைத் துடைக்க உன் கைக்குட்டையைக் கொடுத்தாய். "தப்பு எங்களுது நைனா, போனக் குட்த்துட்டுப் போ, நானே பாக்குறேன்" என்றாய். அவன் மிரண்டு போய் உட்கார்ந்திருந்தான். அடித்தவனே மன்னிப்பும் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? அவன் போனதும் போனைத் திறந்தாய். என் எழுத்து, பக்கத்தில் டிக். மறுபடியும் சார்ஜில் போட்டு ஒரு பத்து நிமிஷம் நம்பர் தாவுவதைப் பார்த்தாய். ஷட்டரைப் பாதி இறக்கினாய்.

அந்த அடியை நான் விவரிக்கப் போவதில்லை. நீ அடித்ததிலேயே பேசாமல் அடித்த அடி அது ஒன்றுதான். கடைசியில் மட்டும் பேசினாய். நான் கண்ணாடித் தூள் மேல் முட்டி போட்டிருந்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. உனக்கு மூச்சு வாங்கியது.

"நம்பர் பொய் சொல்லக் கூடாதுடா. அத நம்பித்தான்டா ஒருத்தன் வூட்ட வுட்டுக் கெளம்புறான்."

அப்புறம் மேஜை மேலிருந்த உன் போனைக் கையில் எடுத்தாய். முந்தின நாள் அதற்கும் நான்தான் புது பேட்டரி மாட்டியிருந்தேன். மாட்டினதும் ஒட்டிவிட்டேன். அன்று மேட்ச் இருந்தது. அது மட்டும் காரணமில்லை. வாடிக்கைக்காரன் போனென்றால் பொய் டிக்காவது போட்டிருப்பேன். இது உன்னுடையது. கல்யாண வீட்டில் சொந்தக்காரனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பதில்லையா, அப்படி, நீதானே, உனக்கென்ன என்று விட்டேன்.

"என்னுதுல டிக் போட்டியா?" என்று கேட்டாய்.

உன் இன்னொரு கை இன்னும் இறங்கவில்லை. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டுட்டேன்" என்றேன்.

திரையைப் பார்த்தாய். நானும் எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. "ம்... வூட்டுக்குப் போய் ஏத்திக்கிறேன்" என்றாய். ஷட்டரைத் தூக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் கோட்டூர்புரம் பாலத்தருகே இளநீர் வெட்டுகிறவர். கார் ஒன்று உன் வண்டியை உரசியது. மூன்று பேர் இறங்கினார்கள். "மொதோ அடி அவருதாங்க குட்த்தாரு" என்றார். எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது, என்ன ஜென்மமோ. மூவரில் ஒருவன் டிக்கியைத் திறந்து கிரிக்கெட் மட்டையை எடுத்தான். மட்டையைப் பார்த்ததும் இளநீர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது கார் இல்லை. நீ எழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றோரச் சுவர் நிழலைப் பார்த்து நடந்து போய்க்கொண்டிருந்தாயாம். நடக்கிற ஆளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாராம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மதியம் ஒன்று ஐம்பத்தேழு. என் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. உன் பெயர். வீங்கின வாயில் தயிர்சாதத்தைத் திணித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். போன் அணைந்திருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொன்னது.

நண்பா, இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பான். என்னவோ ஏதோ என்று கொஞ்சமாவது பதறியிருப்பான். நான் போன் ரிப்பேர்காரன். புது பேட்டரி, நேற்றுதான் மாட்டினேன், நாற்பத்தொன்றை என் கண்ணால் பார்த்தேன். அது தானாக அணைய வழியே இல்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ஆக, நீ வேண்டுமென்றே அணைத்திருக்கிறாய். திட்டுவதற்குக் கூப்பிட்டு, ஒரு ரிங்கில் மனசு மாறி, மூஞ்சியில் அடிக்கிற மாதிரி ஆஃப் செய்துவிட்டாய். "போடா, உனக்கே இவ்ளோன்னா எனக்கு எவ்ளோ இருக்கும்?" என்று என் போனைக் கவிழ்த்துவைத்தேன். நான் மாட்டின பொய் நம்பரை ஊரில் யார் நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பினேன்.

சுவரோரம் ஒதுங்க வந்த ஒரு வாட்ச்மேன் உன்னைப் பார்த்தபோது மூன்றரை மணி. உன் கையில் போன் இருந்ததாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் முடிந்துபோயிற்று. வராந்தாவில் டாக்டர் உன் மனைவி செல்வியிடம் சொன்னார்: "தலைக்குள்ள ரத்தக்கசிவு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்மா." செல்வி சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நான்தான் பிடித்து இழுத்தேன். என் உதடு கிழிந்திருப்பதைப் பார்த்து, "உங்களையும் அட்ச்சாங்களாண்ணே?" என்றாள். நானும் உன் கூட நின்று அடிவாங்கினேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். இல்லைம்மா, இது காலையில அவன் அடிச்சது என்றேன். அந்த அழுகையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் கேட்டார்கள். ஒரு ரிங் வந்தது சார், திரும்பப் போட்டேன், ஆஃபில் இருந்தது என்றேன். ஒரு எழுத்துப் பொய் கிடையாது. செல்வியிடம் அதையும் சொல்லவில்லை.

அந்த மூன்று பேரும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் ஒருவனைப் பார்த்ததும் கண் இருட்டியது. கொலைவெறி என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் அது எனக்குள்ளே ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவன் தொண்டையைக் கையால் பிய்க்க வேண்டும் என்று ஓடினேன். மூன்றாவது அடியில் செருப்பு வார் அறுந்து முகம் குப்புற விழுந்தேன். ஒரு போலீஸ்காரர்தான் தூக்கிவிட்டார். "யோவ், யாருய்யா நீ, செத்தவருக்கு இன்னா வேணும்?" என்றார். பார்ட்னர் என்றேன். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக நின்றபோது ஒன்று உறைத்தது. அவன் மேல் எனக்கு இருக்கிற வெறியில் பாதி அவனுடையது. மீதிப் பாதிக்குச் சொந்தக்காரன் வேறு ஆள்.

போன வியாழக்கிழமை செல்வி கடைக்கு வந்தாள். பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாள், உனக்குத் தெரிந்திருக்காது. கேஸ் சாமான் என்று ஸ்டேஷனில் பிடித்துவைத்திருந்த உன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"என் போனு தண்ணில வியுந்துச்சுண்ணே. இது சும்மாதானே கெடக்குது. எனக்கே ஆவட்டும், சரிபண்ணிக் குடுங்க."

அழ வரவில்லை அவள். உபயோகத்துக்குத்தான் கேட்டாள். மறுநாள் வந்து வாங்கிக்கோம்மா என்றேன். "இன்னிக்கு லீவுதாண்ணே, நீங்க தொறங்க, பாக்குறேன்" என்று உன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

மூடி ஏற்கெனவே பிதுங்கியிருந்தது. இரண்டு வருஷம் பட்டினி கிடந்த பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. சூடு காட்டவே பயந்தேன். பிளாஸ்டிக் தகட்டை விட்டு மூலையிலிருந்து மெதுவாக, நீ சொன்ன மாதிரியே எடுத்தேன். தித்திப்பு வாசனை குப்பென்று வந்தது. செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். உப்பின வயிற்றின் மேல், என் கையெழுத்தில், தேதி. நீ அடிபட்ட அந்தத் தேதிக்கு முந்தின நாள். பக்கத்தில் 'கு'. அதற்குப் பக்கத்தில் வெறும் இடம்.

"இது யாரு எழுத்துண்ணே?"

"என்னுதும்மா. குமாருக்கு கு."

"மொத நாளா போட்டீங்க?" விரலால் தேதியைத் தடவினாள். நான் பேட்டரியை நகர்த்திக்கொண்டேன், வெடிக்கும்மா, தொடாதே என்றேன். அவள் விடவில்லை. "புது பேட்டரி எப்படிண்ணே ஆஃப் ஆவும்? கடையிலேர்ந்து கெளம்புறப்ப எனக்கு போன் பண்ணாரு. சோறு போட்டு வை, வந்துக்கினே கீறேன்னாரு. சார்ஜு போட ஒயரு எங்க வெச்சன்னு கேட்டாரு. நாப்பது கீது, அதுவரைக்கும் தாங்கும்னாரு. நான் ரெண்டு மணிலேர்ந்து அட்ச்சிக்கினே இருந்தேன்ணே. ஆஃப், ஆஃப், ஆஃப்."

"அடிபட்டதுல எங்கியாவது லூசாயிருக்கும்" என்றேன். போர்டில் ஒரு கீறல்கூட இல்லை. பேட்டரியை மணல் பானையில் போட்டு மூடினேன். அவள் காலுக்கும் பானைக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

அன்று மாலை புது பேட்டரி மாட்டி, தேதியும் எழுத்தும் போட்டு, நூறு வரை ஏற்றினேன். நூறு வந்த பிறகும் இரண்டு மணி நேரம் வயரை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடை திறந்ததிலிருந்து அதைச் சாகடித்தேன். வேறு வேலை எடுக்கவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஒரு ஆள் "இன்னா நைனா, வெறும் போன வெச்சு மொறச்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனான். நாற்பத்தொன்று வந்தது. நாற்பது வந்தது. முப்பத்தொன்பது வந்தது. அணையவில்லை. ஒரு நம்பரைக்கூட விடாமல் ஒன்று வரை இறங்கி, மாலை ஐந்து மணிக்கு மெதுவாகக் கறுத்தது. நீ அடித்த அடியெல்லாம் சேர்ந்து அப்போது வலித்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மறுபடி ஏற்றினேன்.

இப்போதெல்லாம் எல்லாப் போனுக்கும் இப்படித்தான். ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைக்கிறேன் என்று வாடிக்கைக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். அவனை அடிக்க நீ இல்லை, நானும் அடிக்கவில்லை. அவன் கை ஓய்கிற வரை நின்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் செல்வி வந்தாள். அவள் எதிரிலேயே ரப்பர் பேண்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, என் எழுத்துக்குப் பக்கத்தில் டிக் போட்டேன்.

"அது இன்னாண்ணே?"

"நம்பர் சரியா காட்டுதுன்னு அர்த்தம்மா. இனிமே இத நம்பி வெளிய போலாம்."

யோசித்தாள். "பழசுல இது இருந்துச்சா?"

பாத்திரக் கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கிற வரை காத்திருந்தேன்.

"அழிஞ்சு போயிருக்கும்மா" என்றேன். மூடியை ஒட்டினேன்.

அவள் போனை உயிர்ப்பித்து, திரைப் பூட்டுக்கு நீ வைத்திருந்த கோலத்தை விரலால் போட்டுத் திறந்தாள். கால் பட்டியலைப் பார்த்தாள். என்னை எந்தப் பெயரில் வைத்திருந்தாய் என்று இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் தெரிந்துகொண்டேன். 'மூதேவி குமாரு.' செல்விக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நேரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"கடைசியா உங்களுக்குத்தாண்ணே அட்ச்சிக்கிறாரு. நீங்க சொல்லவே இல்லியே?"

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை ஓங்கினால் குனியக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவள் கை என் கை மேல் வந்து படிந்தது. "காலைல உங்கள அப்படி அட்ச்சிட்டு, கடைசில உங்களத்தான் கூப்புட்டுக்கிறாரு பாருங்க. எனக்குக்கூட இல்ல. அப்ப கோவம் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. உங்க மேல அவ்ளோ நம்பிக்கை அவருக்கு."

"ஆமாம்மா" என்றேன்.

போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சந்து முனை திரும்புகிற வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. அவளிடம் நான் சொல்லாதது இவ்வளவுதான்.

'டிக் போட்டியான்னு என்னைக் கேட்டான் செல்வி. போட்டுட்டேன்னு சொன்னேன். போடல.'